இலையும் கிடையாது, லேபிளும் கிடையாது: சாண்ட்ஃபோர்ஸ் கம்பெனியின் கதை

கோத்தகிரி பக்கத்தில் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரி, அதாவது வெளியில் இலை வாங்கித் தூள் அரைக்கும் ஃபேக்டரி. அங்கே இலைக் கணக்கு எழுதும் தம்பி, போன மழைக்காலத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் கருகின வாசனை கடை முழுக்க அடித்தது.

"அண்ணா, பொட்டி போனா போகுது. உள்ள இருக்கிற கணக்கு மட்டும் வேணும். பதிமூணு வருஷ இலை எடை அதுலதான் இருக்கு."

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன். ஒன்றும் ஆகவில்லை, கணக்கு அப்படியே இருந்தது. ஆனால் அந்த டிஸ்க் என் கையை விட்டுப் போகவில்லை. 2012 வாக்கில் வாங்கிய எஸ்எஸ்டி, சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் எழுதும் டிஸ்க். அந்தக் காலத்தில் இந்த மலையில் எஸ்எஸ்டி போட்ட ஆபீஸ்களை விரல் விட்டு எண்ணலாம். வாரண்டி என்றோ முடிந்துவிட்டது என்ற தைரியத்தில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். போர்டின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கறுப்பு ஃபிளாஷ் சிப்புகள், தரவு தங்கும் இடம் அதுதான். ஓரமாக, தனியே, சதுரமாக ஒரு சிப். அதன் முதுகில் 'சாண்ட்ஃபோர்ஸ்', கீழே எஸ்எஃப்-2281 என்ற எண். தம்பி எட்டிப் பார்த்தார்.

"இது என்ன கம்பெனி அண்ணா? டிஸ்க் மேல வேற பேருல்ல போட்டிருக்கு?"

அந்தக் கேள்விக்குள்ளேயே இந்தக் கம்பெனியின் மொத்த வரலாறும் இருக்கிறது. வெளியே ஒட்டியிருப்பது ஒருவர் பெயர், உள்ளே இருக்கும் ஃபிளாஷ் இன்னொருவர் தயாரிப்பு. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து வேலை பார்த்தது மட்டும்தான் சாண்ட்ஃபோர்ஸ்.

அந்த வேலை என்ன என்பதைத் தேயிலைத் தோட்டம் பார்த்தவர்களுக்குச் சொல்வது சுலபம். கொழுந்தை ஒவ்வொன்றாகக் கிள்ளலாம். கவாத்து அப்படி இல்லை. வெட்ட ஆரம்பித்தால் அந்தக் காடு முழுக்க வெட்டியாக வேண்டும். ஃபிளாஷும் இதே மாதிரிதான். எழுதுவது சின்னச் சின்னப் பேஜாக. அழிப்பது பெரிய பிளாக்காக. அந்த டிஸ்க் செய்த காலத்து ஃபிளாஷில் ஒரு பேஜ் 8 கேபி, 256 பேஜ் சேர்ந்தது ஒரு பிளாக். அதாவது 8 கேபியைத் திருத்த வேண்டுமென்றால்கூட 2 எம்பி முழுவதையும் துடைத்தால்தான் அதே இடத்தில் எழுத முடியும். அதனால் யாரும் அதே இடத்தில் எழுதுவதில்லை. புதியதை வேறு இடத்தில் எழுதி, பழையதைச் செல்லாதது என்று குறித்து வைத்துவிடுவார்கள். பிளாக்கில் செல்லாதது பெருகியதும், மிச்சமிருக்கும் நல்ல பேஜ்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு மொத்தமாகக் கவாத்து.

இதில் இரண்டு தொல்லை. நாம் எழுதச் சொன்னதைவிட டிஸ்க் உள்ளுக்குள் எழுதுவது அதிகமாகிக்கொண்டே போகும். அதோடு ஒவ்வொரு பிளாக்குக்கும் ஆயுள் உண்டு. இத்தனை தடவை துடைத்தபின் அது ஓய்ந்துவிடும். சிப்பைச் சின்னதாக்கி விலையைக் குறைக்கக் குறைக்க அந்த ஆயுளும் கீழே இறங்கியது. அப்போது வீட்டு டிஸ்க்குகளில் போட்ட எம்எல்சி வகை ஃபிளாஷ் 50 நானோமீட்டர் காலத்தில் சுமார் 10,000 தடவை தாங்கும். 34 நானோமீட்டரில் 5,000. 25 நானோமீட்டரில் 3,000. எதை எங்கே எழுதுவது, எதை எப்போது துடைப்பது, எந்தப் பிளாக் களைத்திருக்கிறது என்று ஓயாமல் கணக்குப் பார்ப்பதுதான் கன்ட்ரோலர் சிப். ஃபேக்டரியின் இலைக் கணக்குத் தம்பி மாதிரி என்று சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்.

2008 வாக்கில் இந்தக் கணக்கு சரியாக வராத டிஸ்க்குகள் நிறைய இருந்தன. தைவானின் ஜேமைக்ரான் கம்பெனியின் ஜேஎம்எஃப்602 சிப் போட்ட மலிவு எஸ்எஸ்டிகளில், சின்னச் சின்ன ஃபைல்களைச் சேர்ந்தாற்போல் எழுதினால் கம்ப்யூட்டரே அரை நொடி, ஒரு நொடி என்று உறைந்து நிற்கும். ஹார்ட் டிஸ்க்கே தேவலாம் என்று பலர் திரும்பிப் போனார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இன்டெல்லின் எக்ஸ்25-எம் வந்து எஸ்எஸ்டி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டியது. 80 ஜிபிக்கு 595 டாலர் விலை. தென்கொரியாவின் கன்ட்ரோலர் கம்பெனி இண்டிலிங்ஸ் அடுத்து வந்தது. இந்த இரண்டு பேரும் கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் ஒரு டிராம் (தற்காலிக நினைவக) சிப்பை வைத்து, குறிப்பேடு மாதிரி அதில் கணக்குகளை வைத்துக்கொண்டார்கள். டிராம் இல்லையென்றால் ஜேமைக்ரான் கதிதான் என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

அப்போதுதான், 2009 ஏப்ரலில், கலிபோர்னியாவிலிருந்து ஒரு சின்னக் கம்பெனி டிராமே இல்லாத கன்ட்ரோலரோடு வெளியே வந்தது. 2006இல் அலெக்ஸ் நக்வியும் ராடோ டானிலாக்கும் தொடங்கிய சாண்ட்ஃபோர்ஸ் அது. டானிலாக் ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். ஒரு கம்பெனியோடு நிற்கிற ஆள் இல்லை, பிறகு ஸ்கைஎரா, டாக்கியம் என்று வரிசையாகத் தொடங்கினார். சாண்ட்ஃபோர்ஸுக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. சிப்பை வடிவமைப்பார்கள், செய்து தருவது வேறு ஆள். அவர்கள் முதலில் குறிவைத்தது சர்வர் சந்தையை. அங்கே அப்போது 1,00,000 தடவை தாங்கும் எஸ்எல்சி ஃபிளாஷைத்தான் நம்புவார்கள். விலை யானை விலை. மலிவான எம்எல்சியையே சர்வருக்குத் தாங்கும்படி செய்கிறோம் என்பது சாண்ட்ஃபோர்ஸின் வாக்கு.

எப்படி? குறைவாக எழுதுவதன் மூலம். கேட்டால் விளையாட்டாகத் தோன்றும், ஆனால் யோசனை நேரடியானது. வரும் தரவை அப்படியே ஃபிளாஷில் கொட்டாமல், சிப்புக்குள்ளேயே சுருக்கிவிட்டு எழுதினார்கள். இதற்கு டியூராரைட் என்று பெயர். விண்டோஸ் விஸ்டாவையும் ஆபீஸ் 2007ஐயும் இன்ஸ்டால் செய்தால் கம்ப்யூட்டர் அனுப்புவது 25 ஜிபி, ஃபிளாஷில் போய்ச் சேருவது 11 ஜிபிதான் என்று அவர்களே கணக்குக் காட்டினார்கள். மற்றவர்கள் ஒன்றுக்கு ஒன்றரை, ஒன்றுக்கு இரண்டு என்று உள்ளுக்குள் எழுதிக்கொண்டிருந்தபோது, இவர்கள் ஒன்றுக்கு அரை என்றார்கள். எழுதுவது குறைந்தால் வேகம் தானாகக் கூடும், ஆயுளும் நீளும். டிராம் சிப் வேண்டாம் என்பதால் போர்டும் மலிவு.

பச்சை இலை நாலு, நாலரை கிலோ போட்டால் ஒரு கிலோ தூள் வரும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். தம்பியின் இலைக் கணக்கு ஃபைல்கள் மொத்தம் 380 எம்பி இருந்தன. ஜிப் பண்ணிப் பார்த்தேன், 86க்கு வந்து நின்றது. "நம்ம ஃபேக்டரி அவுட்டர்ன் மாதிரியே இருக்கே அண்ணா" என்று சிரித்தார். தேதி, பெயர், எடை, விலை என்று ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருகிற கணக்கு அது. சுருங்காமல் என்ன செய்யும்? சாண்ட்ஃபோர்ஸ் சிப்புக்கு இதைவிட நல்ல இலை கிடைக்காது.

ஆனால் ஏற்கெனவே தூளான தேயிலையை மறுபடி மெஷினில் போட்டால் இன்னும் கால் பங்காகுமா? ஆகாது. போட்டோ, வீடியோ, பாட்டு எல்லாம் கேமராவிலோ மென்பொருளிலோ சுருக்கப்பட்டே வருபவை. அவற்றை எழுதும்போது இந்த சிப்பின் வித்தை பலிக்காது; வேகம் சட்டென்று இறங்கும். பெட்டியில் அச்சடித்த நொடிக்கு 500 எம்பி என்பது சுருங்கும் தரவை வைத்துப் பார்த்த கணக்கு. பல பிராண்டுகள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்டெல் பின்னாளில் இதே சிப்பைப் போட்டு விற்றபோது, சுருங்கும் தரவுக்கு ஒரு வேகம், சுருங்காத தரவுக்கு ஒரு வேகம் என்று விவரத்தாளிலேயே தனித்தனியாகப் போட்டது. எழுதும் வேகத்தில் இரண்டாவது எண் முதலாவதைவிட வெகு குறைவு. கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோக்காரர்கள் பார்த்திருக்க வேண்டிய எண் அந்த இரண்டாவது எண்தான். டிஸ்க்கை மென்பொருள் மூலம் பூட்டி (என்கிரிப்ட் செய்து) வைக்கிறவர்களுக்கும் இதே கதி. பூட்டிய தரவில் ஒழுங்கு எதுவும் மிஞ்சாது, சுருக்க இடமிருக்காது.

இன்னொரு விஷயம், இது எங்களைப் போலக் கடை வைத்திருப்பவர்களுக்கு முக்கியம். சுருக்கிய பிறகு சிப் தானாகவே எல்லாவற்றையும் ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறையில் பூட்டித்தான் ஃபிளாஷில் வைக்கும். நீங்கள் பாஸ்வேர்ட் போடாவிட்டாலும் சரி. கன்ட்ரோலர் செத்துப்போனால் ஃபிளாஷ் சிப்புகளைப் பிரித்தெடுத்துப் படித்தாலும் கையில் கிடைப்பது குப்பைதான். "சிப்பை மட்டும் கழட்டி எடுத்துத் தர மாட்டியா?" என்று கேட்பவர்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் நம்புவதில்லை. மலை உயரத்தால்தான் டிஸ்க் போச்சு என்று சொன்னால் மட்டும் உடனே நம்புகிறார்கள். ஹார்ட் டிஸ்க்குகளுக்கே வழக்கமாக 3,000 மீட்டர் வரை அனுமதி உண்டு, தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான் என்று சொல்லி வாய் வலித்துவிட்டது.

சரி, கதைக்கு வருவோம். 2010இல் எஸ்எஃப்-1200 சிப் சந்தையைப் பிடித்த விதம் தனி. மார்வெல் மாதிரி கம்பெனிகள் சிப்பை விற்றன. அதற்கான ஃபார்ம்வேரை, அதாவது சிப்பை ஓட்டும் உள் மென்பொருளை, எழுதும் பாரம் பெரும்பாலும் வாங்குபவர் தலையில். சாண்ட்ஃபோர்ஸ் சிப், ஃபார்ம்வேர், போர்டு வரைபடம் மூன்றையும் ஒரே கையில் கொடுத்தது. ஃபிளாஷை நீங்கள் வாங்கி ஒட்டிக்கொண்டால் போதும். விளைவு, நேற்றுவரை ரேம் விற்றுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் இன்று எஸ்எஸ்டி கம்பெனி. ஓசிஇஸட் வெர்டெக்ஸ் 2, கோர்சேர் ஃபோர்ஸ், ஜி.ஸ்கில் ஃபீனிக்ஸ், பேட்ரியாட் இன்ஃபெர்னோ, மஷ்கின் கலிஸ்டோ, ஏடேட்டா எஸ்599 என்று கடையில் ஆறு பெயர். திறந்து பார்த்தால் ஆறுக்கும் ஒரே மூளை. இங்கே பல பெயரில் பாக்கெட் தூள் விற்பார்கள், தூள் ஒரே ஃபேக்டரியில் அரைத்தது, அதே மாதிரி.

2011இல் அடுத்த தலைமுறை, எஸ்எஃப்-2281. டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டாவின் 6 ஜிகாபிட் வேகத்துக்குச் சரியாகப் பொருந்தி, படிப்பதும் எழுதுவதும் நொடிக்கு 500 எம்பியைத் தொட்டது. வெர்டெக்ஸ் 3, கிங்ஸ்டன் ஹைப்பர்எக்ஸ் எல்லாம் இந்த சிப்தான். உச்சத்தில் இருந்த காலம். அங்கேயே அடியும் விழுந்தது. இந்த சிப் போட்ட டிஸ்க்குகள் சிலரிடம் திடீரென்று காணாமல் போயின. கம்ப்யூட்டர் நீலத் திரையோடு விழும், மறுபடி போட்டால் டிஸ்க் ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும். எல்லோருக்கும் வரவில்லை, எப்போதும் வரவில்லை. அப்படிப்பட்ட நோயைப் பிடிப்பதுதான் கஷ்டம். மாதக்கணக்கில் ஃபார்ம்வேர் மேல் ஃபார்ம்வேர் வந்தது. அக்டோபரில் ஓசிஇஸட் தன் டிஸ்க்குகளுக்கு வெளியிட்ட 2.15 பதிப்பில்தான் மூல காரணத்தைப் பிடித்துவிட்டோம் என்ற அறிவிப்பு வந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரே மூளையைப் பலருக்கு விற்றதில் கிடைத்த லாபமும் இந்த அவமானமும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது என் கணிப்பு. ஒரு பிராண்டுக்கு வந்த கோளாறு எல்லா பிராண்டுக்கும் வந்தது. வாங்கியவர் திட்டுவது லேபிளில் இருந்த பெயரை. லேபிள்காரர் கையில் ஃபார்ம்வேரின் மூல நிரல் இல்லை, அவர் சாண்ட்ஃபோர்ஸைக் கேட்க வேண்டும். சாண்ட்ஃபோர்ஸ் கையில் நோயாளி இல்லை. யார் எந்த ஃபிளாஷை ஒட்டினார்கள், எந்த மதர்போர்டில் மாட்டினார்கள் என்பது அவர்களுக்குத் தூரத்துச் செய்தி. இன்டெல் இந்த சிக்கலை வேறு மாதிரி அணுகியது. அதே எஸ்எஃப்-2281ஐ வாங்கி, தன் ஃபிளாஷோடு சேர்த்து, ஃபார்ம்வேரில் தன் கைவரிசையையும் காட்டி, ஒரு வருடத்துக்கும் மேல் சோதித்த பிறகே 2012 பிப்ரவரியில் 520 வரிசையை விட்டது. சொந்தமாகக் கன்ட்ரோலர் செய்யத் தெரிந்த இன்டெல்லே வெளியில் வாங்கியது சாண்ட்ஃபோர்ஸுக்குக் கிடைத்த பெரிய மாலை.

ஆனால் அந்த மாலை விழுந்தபோது கழுத்து வேறொருவருடையதாகிவிட்டது. ஃபார்ம்வேர் கோளாறு தீர்ந்த அதே 2011 அக்டோபரில், 26ஆம் தேதி, எல்எஸ்ஐ கம்பெனி சாண்ட்ஃபோர்ஸை வாங்குவதாக அறிவித்தது. சுமார் 322 மில்லியன் டாலர் ரொக்கம், ஊழியர்களின் பங்கு உரிமைகளுக்காக 48 மில்லியன். 2012 ஜனவரியில் கைமாறியது. எல்எஸ்ஐ 1981இல் தொடங்கிய பழைய சிப் கம்பெனி. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் சர்வர் ரெய்டு கார்டுகளில் பெரிய ஆள்.

இதற்கு மேல் கதை வேகமாக ஓடுகிறது, ஓட்டத்தில் தடுக்கலும் உண்டு. 2012 ஜூனில் ஒரு சங்கடம்: எஸ்எஃப்-2281 அடங்கிய எஸ்எஃப்-2000 வரிசை 256 பிட் பூட்டு போடும் என்று சொல்லி விற்கப்பட்டது, சிப்போ 128 பிட் பூட்டுதான் போடுகிறது என்று தெரியவந்தது. சிலிக்கானிலேயே இருந்த பிழை, ஃபார்ம்வேரால் திருத்த முடியாது. இன்டெல் 520 வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவே முன்வந்தது. 128 பிட் பூட்டும் உடைக்க முடியாத பூட்டுதான். நம் ஊர்க் கணக்கில் அது ஒரு குறையே இல்லை. ஆனாலும் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று.

அடுத்த தலைமுறையான எஸ்எஃப்-3700ஐ 2013 நவம்பரில் காட்டினார்கள். சாட்டாவிலும் ஓடும், அதைவிட வேகமான பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பிலும் ஓடும் என்ற நல்ல யோசனை. கண்காட்சிகளில் மேஜை மேல் வந்தது, கடைகளில் அலையாக வரவில்லை. காட்டிய அடுத்த மாதமே எல்எஸ்ஐயை அவாகோ 6.6 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்துவிட்டது. பினாங்கில் பிறந்த ஹாக் டான் நடத்தும் கம்பெனி அது. பின்னால் பிராட்காமையே விழுங்கி அந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. லாபம் அள்ளும் பகுதிகளை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவது அவர்கள் வழக்கம். 2014 மே மாதம் எல்எஸ்ஐ கைக்கு வந்தது. அதே மே மாதம் ஃபிளாஷ் பிரிவுகளை, சாண்ட்ஃபோர்ஸையும் சேர்த்து, 450 மில்லியன் டாலருக்கு சீகேட்டுக்குத் தள்ளிவிட்டது. செப்டம்பரில் வேலை முடிந்தது. மூன்று வருடத்துக்குள் மூன்று எஜமானர்கள். கடைசி எஜமானர், வேடிக்கையைப் பாருங்கள், ஹார்ட் டிஸ்க் கம்பெனி.

சாண்ட்ஃபோர்ஸ் மட்டும் இப்படிப் போகவில்லை. 2011இல் இண்டிலிங்ஸை ஓசிஇஸட் வாங்கியது. 2012இல் லிங்க் எ மீடியா என்ற கன்ட்ரோலர் கம்பெனியை ஃபிளாஷ் தயாரிக்கும் எஸ்கே ஹைனிக்ஸ் வாங்கியது. ஓசிஇஸட் 2013 கடைசியில் திவாலாக, அதன் சொத்துக்களை 35 மில்லியன் டாலருக்கு எடுத்தது டோஷிபா. அதுவும் ஃபிளாஷ் தயாரிப்பாளர்தான். சாம்சங் ஆரம்பத்திலிருந்தே ஃபிளாஷ், கன்ட்ரோலர், டிராம், ஃபார்ம்வேர் எல்லாவற்றையும் தன் கூரைக்கு அடியிலேயே வைத்திருந்தது. தோட்டமும் ஃபேக்டரியும் லேபிளும் ஒருவரிடமே இருக்கிற எஸ்டேட் மாதிரி. ஃபிளாஷின் அடுத்த தலைமுறை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சிப் வெளிவரும் முன்பே தெரியும். வெளியில் இருப்பவருக்குச் சாம்பிள் வந்த பிறகுதான் தெரியும். இலை விலை ஏறினால் சொந்தத் தோட்டக்காரர் தாங்குவார். இலை வாங்கி அரைப்பவர் முழிப்பார். சாண்ட்ஃபோர்ஸோ இலை வாங்கவும் இல்லை, பாக்கெட் போடவும் இல்லை. மெஷினை எப்படி ஓட்டுவது என்ற அறிவை மட்டும் வாடகைக்கு விட்டது.

அப்படியானால் தனியாக நிற்கும் கன்ட்ரோலர் கம்பெனிக்கு வழியே இல்லையா என்றால், தைவானின் ஃபைசன் இருக்கிறது. 2000 நவம்பரில் தொடங்கியது. தலைவர் புவா கெய்ன் செங், மலேசியாவின் சிலாங்கூரில் செக்கிஞ்சான் என்ற ஊர்க்காரர்; நெல் வயலும் மீன்பிடியும்தான் அந்த ஊரின் அடையாளம். படிக்கத் தைவான் போய் அங்கேயே நண்பர்களோடு கம்பெனி வைத்தார். ஐந்து பேர் சேர்ந்ததால் 'ஃபைவ் பெர்சன்ஸ்', அதைச் சுருக்கி ஃபைசன் என்பார்கள். பென் டிரைவ் சிப்பில் ஆரம்பம். இவர்கள் சிப்போடு நிற்கவில்லை. ஃபிளாஷையும் தாங்களே வாங்கி, முழு டிஸ்க்காகவே செய்து, "உங்கள் ஸ்டிக்கரை மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள்" என்று பிராண்டுகளுக்குக் கொடுத்தார்கள். டோஷிபா அதில் பங்குதாரராகவும் இருந்தது. அதாவது தோட்டக்காரரையே உள்ளே உட்கார வைத்துக்கொண்டார்கள். 2019இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 எஸ்எஸ்டிகள் வந்தபோது முதலில் கடைக்கு வந்தவை ஃபைசனின் இ16 சிப் போட்டவை. சாண்ட்ஃபோர்ஸின் மூளை இவர்களுடையதைவிட ஒரு காலத்தில் கூர்மை என்றே நான் சொல்வேன். ஆனால் ஃபிளாஷ் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகச் சாய்ந்து நிற்க இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சாண்ட்ஃபோர்ஸ் என்ற பெயர் இப்போது எந்தப் பெட்டியிலும் இல்லை. டியூராரைட் மட்டும் உயிரோடு இருந்தது; சீகேட் 2018இல் விட்ட நைட்ரோ சர்வர் டிஸ்க்குகளின் விளம்பரத்தில் அந்த வார்த்தையைப் பார்க்கலாம்.

தம்பிக்கு இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் புது டிஸ்க்குக்குக் கணக்கு மாறிவிட்டது. புதியதைத் திறக்கவில்லை, வாரண்டி இருக்கிறது. மென்பொருளில் பார்த்தால் உள்ளே ஃபைசன் சிப் என்று காட்டியது. பழையதை நாலு ஸ்க்ரூவும் போட்டு மூடிக் கையில் கொடுத்தேன்.

"இதையும் மாட்டிக் குடுத்துருங்கண்ணா, ரெண்டாவதா இருக்கட்டும்" என்றார். "ஓனரு கேட்டா, புதுசு மேல நம்பிக்கை வர்ற வரைக்கும்னு சொல்லிக்கிறேன்."